பயிற்சிச் சான்றிதழுக்குப் பின் என்ன? வேலையில் நிலைத்திருக்க அரசுத் திட்டங்கள் தரும் ஆதரவு: ஒரு விளக்கம்

ஒடிசாவின் மலையோரக் கிராமம் ஒன்றில் பத்தாம் வகுப்பு முடித்த பெண் ஒருவர், அரசு செலவில் மூன்று மாதம் தங்கி தையல் இயந்திரப் பயிற்சி பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் தேறிச் சான்றிதழ் பெறுகிறார். தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயிலில் ஏறி, திருப்பூரில் இறங்கி, ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர்கிறார். இரண்டாவது மாத இறுதியில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்.

இவரை அரசு எந்தக் கணக்கில் சேர்க்கும்? பயிற்சி பெற்றவர்களின் பட்டியலில் அவர் இருப்பார். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலிலும் இருப்பார். வேலை பெற்றவர் என்று அவரைச் சொல்ல முடியுமா என்பது, அவர் எந்தத் திட்டத்தின் கீழ் பயிற்சி பெற்றார் என்பதையும், அந்தத் திட்டம் 'வேலை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் தருகிறது என்பதையும் பொறுத்தது.

வேலை தேடும் இளைஞர்களுக்கான மத்திய அரசுத் திட்டங்கள் பல. அவற்றின் பெயர்களும் வயது வரம்புகளும் அடிக்கடி வெளியாகின்றன. ஆனால், பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து ஆறு மாதம் வரையிலான காலத்தில் ஒருவருக்கு என்ன உதவி கிடைக்கும், அதற்கு யார் பொறுப்பு என்பது பரவலாகத் தெரிவதில்லை. விண்ணப்பிக்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியது முக்கியமாக இதைத்தான்.

பணம் எப்போது கைமாறுகிறது?

மத்திய அரசின் பெரும்பாலான குறுகிய காலப் பயிற்சிகளை அரசு நேரடியாக நடத்துவதில்லை. தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் பயிற்சிக் கூட்டாளிகளாகச் சேர்ந்து நடத்துகின்றன. அவற்றுக்கு அரசு தவணை முறையில் பணம் தருகிறது. எந்தத் தவணை எந்தக் கட்டத்தில் விடுவிக்கப்படுகிறது என்பதைப் பார்த்தாலே, ஒரு மையம் எதில் அக்கறை காட்டும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.

2015 ஜூலை 15-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இரண்டாம் கட்டத்தில், பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதத் தொகை, சான்றிதழ் வழங்கப்பட்டதும் 50 சதவீதத் தொகை, வேலை கிடைத்ததை உறுதி செய்த பிறகு மீதி 20 சதவீதத் தொகை என வகுக்கப்பட்டிருந்தது. அதாவது, மாணவர் ஒருவர் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், சான்றிதழ் அச்சாகி வந்தவுடன் மையத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு வந்துவிடும். நேர்மையாக உழைத்து வேலை வாங்கித் தந்த மையங்கள் பல உண்டு. ஆயினும், இத்தகைய கணக்கு வேலைவாய்ப்புப் பணியைக் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கான கூடுதல் சுமையாக ஆக்கிவிடும் என்பதை மறுக்க இயலாது.

அதன் விளைவை இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எண்களில் காட்டியது. 2015 முதல் 2022 வரையிலான மூன்று கட்டங்களையும் ஆராய்ந்து, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட அந்த அறிக்கையின்படி, குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் பெற்ற 56.14 லட்சம் பேரில் வேலை பெற்றவர்கள் 23.18 லட்சம் பேர். இது 41 சதவீதம்.

அதே அறிக்கையில் இன்னொரு கண்டறிதல் கூடுதல் கவனம் பெற்றது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் பயன்பெற்ற 95.90 லட்சம் பேரின் பதிவுகளில், 90.66 லட்சம் பதிவுகளில் வங்கிக் கணக்கு எண்ணுக்கான இடம் காலியாகவோ, பூஜ்ஜியம் போன்ற பயனற்ற குறிகளுடனோ இருந்தது. ஆதார் வழியே நேரடியாகப் பணம் செலுத்தும் முறை இருப்பதால் அந்த இடத்தை நிரப்புவது கட்டாயம் அல்ல என்று பின்னர் தளர்த்தப்பட்டதாகத் திறன் மேம்பாட்டு அமைச்சகம் தரப்பில் விளக்கப்பட்டது. விளக்கம் எதுவாயினும், கணக்கு எண்ணே பதிவாகாத ஒருவருக்கு ஊதியம் வருகிறதா என்று பின்தொடர்ந்து பார்ப்பது எளிதன்று.

இங்கு ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இத்திட்டத்தில் மொத்தம் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றதாகச் சொல்லப்படும்போது, அதில் கணிசமான பகுதியினர் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவர்கள். கொத்தனார், தச்சர், தையற்காரர் போன்றோரின் அனுபவத் திறனைச் சில நாள் வழிகாட்டலுக்குப் பின் சோதித்து, 'முன்கற்றலுக்கான அங்கீகாரம்' என்ற பிரிவில் சான்றிதழ் தருகிறார்கள். இவர்களுக்குப் புதிதாக வேலை தேடித் தருவது அப்பிரிவின் நோக்கம் அன்று. எனவே மொத்தச் சான்றிதழ் எண்ணிக்கையை வேலை எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதும் தவறு, பழிப்பதும் தவறு.

2022-க்குப் பிந்தைய நான்காம் கட்டத்தில் அணுகுமுறையே மாறியுள்ளது. பயிற்சி பெற்றவர் வேலை, சுயதொழில், மேற்படிப்பு எனத் தமக்கேற்ற பாதையைத் தேர்ந்துகொள்ள உதவுவதே நோக்கம் என்று அரசு கூறுகிறது. இத்திட்டத்தையும், தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தையும், ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் திட்டத்தையும் ஒன்றிணைத்து, 2025-26 வரை 8,800 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடர 2025 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விண்ணப்பதாரர் இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இத்திட்டத்தில் பயிற்சி கிடைக்கும். வேலை கிடைக்கும் என்ற உறுதி அதனுடன் சேர்ந்து வருவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

வேலை என்றால் மூன்று மாத ஊதியச் சீட்டு

ஊரகப் பகுதி இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா சற்று வேறு வகையில் வடிவமைக்கப்பட்டது. ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் 2014 செப்டம்பர் 25-இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் 15 முதல் 35 வயது வரையிலான ஏழைக் குடும்பத்தினர் சேரலாம். பெண்களுக்கும் நலிந்த பிரிவினர் சிலருக்கும் வயது வரம்பு 45. பயிற்சிக் காலம் பொதுவாக மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை. பயிற்சி, உணவு, தங்குமிடம் அனைத்தும் இலவசம்.

இதன் வழிகாட்டுதல்களில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பயிற்சி பெற்றவர்களில் பெரும்பகுதியினருக்கு வேலை பெற்றுத் தருவது நிறுவனத்தின் கடமை. இரண்டாவது, சேர்க்கைக் கடிதம் கொடுத்துவிட்டால் மட்டும் அது வேலையாகிவிடாது. தொடர்ந்து மூன்று மாதம் பணியாற்றியதற்கு ஊதியச் சீட்டு அல்லது அதற்கு இணையான சான்று வேண்டும். தொடக்கத்தில் கண்ட ஒடிசாப் பெண் இந்தக் கணக்கில் வேலை பெற்றவர் ஆகமாட்டார்.

மூன்றாவதுதான், பயனாளிகளே பலர் அறியாதது. வேலையில் சேர்ந்த பின்னும் அவருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வழங்க வழிகாட்டுதல்கள் வகை செய்தன. சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். தூரம் கூடக் கூட மாதங்களும் கூடுவதன் காரணம் எளியது. புது ஊரில் தொடக்கச் செலவுகள் முதல் ஊதியத்தை விழுங்கிவிடும் என்பதை, திட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர். தொகை சிறியது என்பதும், அது வகுக்கப்பட்ட காலத்துக்குப் பின் விலைவாசி எவ்வளவோ உயர்ந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் வேலையில் சேர்ந்ததோடு பயிற்சித் திட்டத்தின் பொறுப்பு முடியவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட வகையில் அந்த ஏற்பாடு முக்கியமானது. வெளியூர் செல்வோருக்கு வழிகாட்ட இடம்பெயர்வோர் உதவி மையங்களை மாநிலங்கள் அமைக்கவும் திட்டத்தில் இடமுண்டு.

அந்தப் பெண் ஏன் திரும்பினார்?

பயிற்சி மையத்தில் சொல்லப்பட்ட ஊதியம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். அது முழுவதும் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,440 ரூபாய் பிடிக்கப்படும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதமாக 90 ரூபாய். கைக்கு வர வேண்டியது 10,470 ரூபாய். அதிலிருந்து விடுதி வாடகை, உணவு, போக்குவரத்து. மாதத்தின் நடுவில் சேர்ந்திருந்தால் முதல் மாதம் பாதி ஊதியமே வரும். அதுவும் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கையில் கிடைக்கும். ஊரில் இருக்கும் குடும்பமோ '12,000 சம்பளம்' என்று கேட்டு, அதற்கேற்ற தொகையை எதிர்பார்த்திருக்கும்.

வைப்பு நிதிப் பிடித்தம் இழப்பு அல்ல. அது அவருடைய சேமிப்பு, நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. காப்பீட்டுப் பிடித்தத்தால் மருத்துவ வசதியும், நோய்க்காலத்தில் பணப்பயனும் கிடைக்கும். ஆனால் இதை முன்கூட்டியே எவரும் சொல்லாவிட்டால், முதல் ஊதியச் சீட்டைப் பார்க்கும் இளைஞர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். மொழி தெரியாத ஊர், பழகாத உணவு, நின்றபடியும் குனிந்தபடியும் செய்யும் நீண்ட நேர வேலை, விடுதியை விட்டு வெளியே செல்லக் கட்டுப்பாடு ஆகியவையும் சேர்ந்துகொண்டால், ஊரில் ஒரு திருவிழாவோ திருமணமோ வரும்போது புறப்படும் பயணம் ஒருவழிப் பயணமாகிவிடுகிறது. இதை இளைஞர்களின் பொறுப்பின்மை என்று சொல்லி ஒதுக்குவது வழக்கமாக உள்ளது. மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

படித்த இளைஞர்களிடமும் இதே தயக்கம் தென்பட்டது. 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தில், நாட்டின் முன்னணி நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சியும் மாதம் 5,000 ரூபாயும், ஒருமுறை 6,000 ரூபாயும் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முதல் சுற்றில் நிறுவனங்கள் 82,000-க்கும் மேற்பட்ட வாய்ப்புகளை வழங்க முன்வந்தன. ஏற்றுக்கொள்ளப்பட்டவை சுமார் 28,000. உண்மையில் பயிற்சியில் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர் மட்டுமே. இடத்தின் தூரம், பணியின் தன்மை, பயிற்சிக் காலத்தின் நீளம் ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. பெருநகரில் 5,000 ரூபாயில் ஓர் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட முடியுமா என்ற கேள்விக்கு, விண்ணப்பதாரர்கள் சேராமல் இருந்ததன் மூலம் பதில் அளித்துவிட்டனர் எனலாம்.

பழகுநர் பயிற்சி: ஊதியமும் உண்டு, வரம்பும் உண்டு

வகுப்பறைப் பயிற்சியைவிடத் தொழிற்கூடத்தில் நேரடியாகக் கற்பதே மேல் என்போருக்கு, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வாய்ப்பு உள்ளது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது.

சேர்வதற்கு முன் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்று நிறுவனத்தைப் பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து நிறுவனம் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றே 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அந்தக் கொள்கை என்ன என்று நேர்காணலிலேயே கேட்பதில் தவறில்லை. ரயில்வேயில் மட்டும் நிலை ஒருபடி மேல். அங்கு பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் நிலைப் பணியிடங்களுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.

ஊரை விட்டுச் செல்ல இயலாதவர்களுக்கு

சிறு குழந்தைகள் இருப்பவர், முதிய பெற்றோரைக் கவனிப்பவர், நிலத்தை விட்டு நகர முடியாதவர் ஆகியோரிடம் வெளிமாநில வேலை பற்றிப் பேசிப் பயனில்லை. இவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். விளம்பரம் குறைவாக இருந்தாலும், வடிவமைப்பில் இவையே மற்ற திட்டங்களுக்குப் பாடமாக இருக்கத்தக்கவை.

இதன் வேர் கர்நாடகத்தில் உள்ளது. தர்மஸ்தலா அருகே உள்ள உஜிரேயில், வீரேந்திர ஹெக்டேயின் முன்முயற்சியில், சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியவற்றின் துணையோடு 1982-இல் முதல் நிலையம் உருவானது. அந்த முறையைப் பின்பற்றியே பின்னர் நாடெங்கும் மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகளின் பொறுப்பில் நிலையங்கள் அமைந்தன. கறவை மாடு வளர்ப்பு, கைபேசி பழுதுபார்ப்பு, தையல், அழகுக்கலை எனப் பல தொழில்களில் பெரும்பாலும் சில வாரங்களில் முடியும் இலவசப் பயிற்சிகள் இங்கு நடைபெறுகின்றன.

இந்நிலையங்களின் பலம் வகுப்பறைக்கு வெளியே உள்ளது. பயிற்சி முடித்தவரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து வழிகாட்டுவதும், தொழில் தொடங்க வங்கிக் கடன் கிடைக்க உதவுவதும் நிலையத்தின் பணி. கடன் தரும் வங்கியே பயிற்சி நிலையத்தையும் நடத்துவதால், பயிற்சி பெற்றவர் தொழிலில் தோற்றால் வங்கிக்கும் கவலை உண்டு. மற்ற பயிற்சித் திட்டங்களில் இத்தகைய பிணைப்பைக் காண்பது அரிது.

நிலைத்திருந்தால் ஊக்கத்தொகை

தூரமும் செலவும் இளைஞர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன என்ற அனுபவம் கொள்கை அளவிலும் எதிரொலிக்கத் தொடங்கியுள்ளது. தேசிய திறன் மேம்பாட்டுக் கழகம் 2021-இல் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 1.44 கோடி டாலர் மதிப்பில் தொடங்கிய 'திறன் தாக்கப் பத்திரம்', 50,000 இளைஞர்களை இலக்காகக் கொண்டது. அவர்களில் 60 சதவீதத்தினர் பெண்களாக இருக்க வேண்டும். இதில் சான்றிதழ் மட்டுமன்றி, வேலையில் சேர்வதும் மூன்று மாதம் நிலைத்திருப்பதும் பணம் விடுவிக்கப்படுவதற்கான அளவுகோல்கள்.

இதைவிடப் பெரிய அளவில், 99,446 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும். வருங்கால வைப்பு நிதியில் முதன்முறையாகச் சேரும், மாத ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மிகாத பணியாளருக்கு, ஒரு மாத ஊதியத்துக்கு இணையான தொகை, அதிகபட்சம் 15,000 ரூபாய், இரு தவணைகளில் வழங்கப்படும். முதல் தவணை ஆறு மாதம் பணியாற்றிய பின். இரண்டாவது, 12 மாதம் நிறைவு செய்து, நிதி அறிவுப் பயிற்சியையும் முடித்த பின். கூடுதல் ஆட்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கும் ஒரு பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அந்தப் பணியாளர் குறைந்தது ஆறு மாதம் வேலையில் நீடித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. புது ஊரில் காலூன்றப் பணம் மிகத் தேவைப்படுவது முதல் இரண்டு மாதங்களில். ஊக்கத்தொகையோ ஆறாவது மாதத்துக்குப் பின்தான் வருகிறது. ஏற்கெனவே நிலைத்துவிட்டவருக்கு அது பரிசு. திரும்பிப் போகலாமா என்று இரண்டாவது மாதத்தில் யோசிப்பவரின் கைச்செலவுக்கு அது உதவாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது ஊரகத் திட்டத்தில் உள்ள மாத உதவித்தொகை போன்ற ஏற்பாடுதான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மேற்கண்ட மத்திய அரசுத் திட்டங்களில் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. வேலை தேடுவோருக்காக 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் பதிவு செய்வதும் இலவசமே. பதிவுக் கட்டணம், முன்பணம், சீருடைக் கட்டணம் என்ற பெயரில் எவரேனும் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மையத்தில் சேரும் முன், முந்தைய அணியில் படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். முடிந்தால் அவர்களில் இருவரிடம் நேரில் பேசலாம். எந்த நிறுவனம், எந்த ஊர், பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு, விடுதிக்கும் உணவுக்கும் யார் செலவழிப்பார்கள், வார விடுமுறையில் வெளியே செல்ல அனுமதி உண்டா என்பவற்றை வீட்டாரின் முன்னிலையிலேயே கேட்டுத் தெளிவது மேல். வேலைக்குப் பிந்தைய உதவித்தொகை தமக்கு உண்டா, எத்தனை மாதங்களுக்கு, எந்த வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேர்ந்த பின், மாதந்தோறும் ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது அவசியம். வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, பிடித்த தொகை உண்மையில் செலுத்தப்படுகிறதா என்று உமங் செயலியில் பார்க்கலாம். மையமோ நிறுவனமோ சொன்னபடி நடக்காவிட்டால், மத்திய அரசின் சிபிகிராம்ஸ் இணையதளத்தில் புகார் பதிவு செய்யும் வசதி உள்ளது. அப்போது முதலில் கேட்கப்படும் சான்று, அந்த ஊதியச் சீட்டாகவே இருக்கும்.